மண்டபம் கடல்நீரில் செம்பு எந்த வடிவில் இருக்கிறது: ஒரு போத்தலை அளக்க ஏழு மாதம்

போன வாரம் வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்கு, புற ஊதா விளக்கில் காட்டிய கடல்நீரின் பதினான்கு அளவீட்டுப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வந்து உட்கார்ந்தன. மறுநாள் அதே குப்பிகளில் அதே போத்தலின் விளக்குப் படாத தண்ணீரை ஊற்றி அளந்தபோது கோடு அடியில் வளைந்தது. இந்த இரண்டு கோடுகளுக்காகத்தான் டிசம்பரிலிருந்து அலைந்துகொண்டிருந்தேன். நினைவில் இருக்கும்போதே வரிசையாக எழுதி வைத்துவிடுகிறேன், ராமநாதபுரம் கடற்கரையில் இன்னொருவர் இதே வேலையைத் தொடங்கினால் நான் வீணாக்கிய மாதங்களாவது அவருக்கு மிஞ்சட்டும்.

எதை அளக்கிறோம் என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் செம்பு எவ்வளவு என்று கேட்டால் ஒரு எண் கிடைக்கும். ஆனால் கடலில் கரைந்திருக்கும் செம்பில் பெரும்பகுதி தனியாகத் திரிவதில்லை, பாசியும் பாக்டீரியாவும் விடுகிற கரிமப் பொருள்களோடு, அதாவது ஈனிகளோடு, கட்டிக்கொண்டு கிடக்கிறது. திறந்த கடலின் மேற்பரப்பில் 99 சதவீதத்துக்கும் மேல் இப்படித்தான். பாசியைப் பாதிப்பது மொத்தச் செம்பு அல்ல, கட்டில்லாமல் திரியும் அயனிதான் என்று சண்டாவும் கில்லார்டும் 1976இலேயே காட்டிவிட்டார்கள். அதனால் எவ்வளவு என்பதைவிட எந்த வடிவில் என்பதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது.

இங்கே இதைச் செய்ய ஒரு காரணமும் இருந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்தில் அந்த நாட்களில்தான் விசைப்படகுகளைக் கரையேற்றி, அடியைச் சுரண்டி, அங்கே ஓடோடு ஒட்டி வளரும் சின்ன உயிரியான கொட்டலசை எடுத்து, சிவப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். கொட்டலசு ஒட்டாமலிருக்க விற்கிற பெயிண்டுகளில் பெரும்பாலும் குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்புச் சேர்மம்தான் வேலை செய்கிறது, செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வந்தால்தான் அதற்குப் பலன். படகுகள் திரும்ப இறங்கும் ஜூன் நடுவில் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாக மனதில் இருந்தது.

நான் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தண்ணீரில் உள்ள உலோகத்தை மின்னோட்டத்தால் அளக்கிற பாதரசத் துளி மின்முனை ஸ்டாண்ட் ஒன்று அங்கே எட்டு வருடமாக உறை போட்டுக் கிடந்தது. முதல்வரிடம் அனுமதி வாங்கி டிசம்பரில் அதைப் பிரித்தேன். உள்ளே மெல்லிய கண்ணாடிக் குழாய், துளை 50 மைக்ரான், அடைத்திருந்தது. நைட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டு இரண்டு நாள் முயன்றும் திறக்கவில்லை, புதிய குழாய் வாங்க வேண்டியதாயிற்று. ஒப்பீட்டு மின்முனையின் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு வற்றி உப்பாகியிருந்தது, அதை மாற்றினேன். நைட்ரஜன் அழுத்தத்தை 1 பார் அளவில் வைத்ததும் துளி சீராக விழுந்தது. பாதரசத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: ஸ்டாண்டுக்கு அடியில் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு, பக்கத்தில் கந்தகப் பொடி, கழிவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடிய தடித்த போத்தல், திறந்த ஜன்னல். இவை இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

அளக்கும் வழி இதுதான். கடல்நீரோடு சாலிசிலால்டாக்சிம் என்ற பொருளைச் சேர்க்கிறோம். இது இயற்கை ஈனிகளோடு செம்புக்காகப் போட்டி போடும். அது பிடித்த செம்பு பாதரசத் துளியில் போய் ஒட்டும், மின்னழுத்தத்தைக் கீழே இறக்கினால் மின்னோட்டத்தில் ஒரு கூம்பு எழும், அந்தக் கூம்பின் உயரம் போட்டியில் ஜெயித்த செம்பின் அளவு. பதினான்கு குப்பிகளில் படிப்படியாகக் கூடுதல் செம்பு போட்டு இப்படி அளந்தால், இயற்கை ஈனி எவ்வளவு, பிடி எவ்வளவு இறுக்கம் என்று கணக்கிடலாம்.

சரி, முதல் தவறு. ஜனவரியில் தண்ணீர் எடுக்கப் போனேன். வாடைக்காற்று மாதங்களில் வடகடல் கலங்கி எழும்பும், தென்கடல் அடங்கியிருக்கும், அதனால் மன்னார் வளைகுடாப் பக்கம் நாட்டுப்படகில் போனோம். படகுக்கு 1,800 ரூபாய். ஆறு போத்தல் எடுத்தேன், எடுத்த கையோடு ஒவ்வொன்றிலும் லிட்டருக்கு 2 மில்லி வீதம் தூய ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி மூடினேன். உலோகம் அளக்கத் தண்ணீர் எடுத்தால் உடனே அமிலம் ஊற்று என்பது பதினைந்து வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. பேருந்தில் பாம்பன் பக்கம் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அமிலம் விழுந்ததும் பிஎச் 2க்குக் கீழே இறங்குகிறது, ஈனிகள் செம்பை விட்டுவிடுகின்றன. திரும்ப நடுநிலையாக்கினாலும் கடலில் இருந்த கட்டு அப்படியே திரும்பாது. மொத்த அளவுக்கு அமிலம் அவசியம், வடிவத்தை அளக்க அமிலமே கூடாது. அந்த ஆறு போத்தல்களிலும் வடிவம் என்ற ஒன்று மிச்சமில்லை. கொட்டாமல் வைத்திருந்தேன், பிற்பாடு அவைதான் என்னைக் காப்பாற்றின.

அப்புறம் வெற்றுச் சோதனை. மாதிரியே இல்லாமல் தூய நீரில் எல்லா மருந்தையும் சேர்த்து ஓட்டினால் கூம்பு எழவே கூடாது. எனக்கு 4 நானோமோலார் செம்புக்குச் சமமாக எழுந்தது. 1 நானோமோலார் செம்பு என்றால் லிட்டருக்கு சுமார் 0.064 மைக்ரோகிராம். கடற்கரை நீரில் சில நானோமோலார்களைத் தேடுகிற எனக்கு 4 என்பது தேடுகிற பொருளின் அளவே. மூன்று வாரம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். பைப்பெட்டின் மஞ்சள் நுனிகளை எறிந்துவிட்டு நிறமில்லாத நுனி போட்டேன் (மஞ்சள் சாயத்தில் காட்மியம் இருக்கலாம், செம்புக்கு இதனால் பெரிய மாற்றம் இல்லை, ஆனாலும் இனி மஞ்சளைத் தொடப்போவதில்லை). ஸ்டீல் ஸ்பேட்டுலாவை மாற்றினேன். கடைசியில் அகப்பட்டது பஃபர், அதாவது பிஎச்சை மாறாமல் நிறுத்தும் கரைசல். 1 மோலார் போரிக் அமிலமும் 0.35 மோலார் அம்மோனியாவும் கலந்தது அது. போத்தலிலிருந்து நேரடியாக ஊற்றிய அம்மோனியாதான் செம்பைக் கொண்டுவந்தது.

தூய அம்மோனியா வாங்க விலை கேட்டேன், கட்டுப்படியாகவில்லை. அதனால் வீட்டு முறை. அரிசி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, இறுக்கமான மூடி, 340 ரூபாய். உள்ளே ஒரு பீக்கரில் 250 மில்லி சாதாரண அடர் அம்மோனியா, பக்கத்தில் அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் 100 மில்லி தூய நீர். மூடி நான்கு நாள் விட்டுவிட்டால் அம்மோனியா ஆவியாகி நீரில் போய்ச் சேரும், உலோகம் பீக்கரிலேயே தங்கிவிடும். எவ்வளவு சேர்ந்தது என்பதை அமிலத்தால் டைட்ரேட் செய்து பார்த்துக்கொள்ளலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் இதே மாதிரி சுத்தம் செய்தேன், ஆனால் வேறு டப்பாவில். இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்தால் அம்மோனியம் குளோரைடு வெள்ளையாகப் படியும், அவ்வளவுதான் மிஞ்சும். பஃபரைக் கலந்த பிறகு 10 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சில் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் கீலெக்ஸ்-100 பிசின் நிரப்பி அதன் வழியாகச் சொட்டுச்சொட்டாக விட்டேன். சிரிஞ்சின் ரப்பர் பிஸ்டனைக் கழற்றி எறிய வேண்டும், ரப்பரில் துத்தநாகம் அதிகம். வெற்று அளவு 0.3 நானோமோலாருக்கு இறங்கியது.

தூசியைத் தடுக்க ஒரு கூண்டும் கட்டினேன். பிவிசி குழாய்ச் சட்டம், சுற்றிலும் தடித்த பிளாஸ்டிக் ஷீட், மேலே அறைக் காற்றுச் சுத்திகரிப்பானின் ஹெப்பா வடிகட்டியும் ஒரு விசிறியும். இரும்புத் திருகு ஒன்றுகூட இல்லை, எல்லாம் நைலான். 7,200 ரூபாய் ஆயிற்று. உப்புக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிற இந்த ஊரில் இதைத் தவிர்க்க முடியாது.

மார்ச்சில் இரண்டாம் முறை தென்கடல், இந்த முறை அமிலம் இல்லை. 0.2 மைக்ரான் பாலிகார்பனேட் சவ்வில் கைப்பம்பால் மெதுவாக வடிகட்டினேன், வேகமாக இழுத்தால் பாசி உடைந்து உள்ளே இருப்பதெல்லாம் வடிநீரில் வந்துவிடும். குப்பிகளாக 15 மில்லி பாலிபுரொப்பிலீன் குழாய்களைப் பயன்படுத்தினேன், நூறு குழாய் 900 ரூபாய். ஒவ்வொன்றிலும் 10 மில்லி கடல்நீர், 100 மைக்ரோலிட்டர் பஃபர், பிறகு செம்பு: முதல் இரண்டில் ஒன்றுமில்லை, அப்புறம் 1, 2, 3, 5, 7 என்று ஏறி 40 நானோமோலார் வரை. 1 நானோமோலாருக்கு 1 மைக்ரோமோலார் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் போதும். இரண்டு மணி நேரம் கழித்து 5 மைக்ரோமோலார் சாலிசிலால்டாக்சிம், இரவு முழுக்கக் காத்திருப்பு. காலையில் அளந்தால் அழகான வளைவு. ஈனி 9 நானோமோலார் என்று கணக்கு வந்தது. அன்று மாலை இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இந்த வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "தம்பி, ஈனியே இல்லாத தண்ணியில ஓட்டிப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. ஜனவரியின் அமிலப் போத்தல்கள் ஞாபகம் வந்தன. ஒளிவேதியியல் சோதனைக்காகக் கல்லூரியில் வாங்கியிருந்த 125 வாட் பாதரச விளக்கின் முன் குவார்ட்ஸ் குழாயில் அந்தத் தண்ணீரை நான்கு மணி நேரம் வைத்தால் கரிமப் பொருள் எல்லாம் சிதைந்துவிடும். நடுநிலையாக்கி, அதே குழாய்களில், அதே செம்பு வரிசையில் ஓட்டினேன். ஈனி இல்லாத நீரில் நேர்கோடு வர வேண்டும். வந்ததோ கிட்டத்தட்ட அதே வளைவு.

அதாவது நான் அளந்தது கடலின் ஈனியை அல்ல, குழாயின் சுவரை. குறைந்த அளவுகளில் போட்ட செம்பில் ஒரு பகுதியைப் பிளாஸ்டிக் சுவர் இழுத்துக்கொள்கிறது, கூம்பு சிறுக்கிறது, கணக்கில் அது ஈனி மாதிரியே தெரிகிறது. சுவர் நிறைந்த பிறகு கோடு நிமிர்கிறது. பார்வைக்கு வித்தியாசமே கிடையாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் அந்த 9 நானோமோலாரை எங்காவது எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இதற்குத் தீர்வு இரண்டு பகுதி. ஒன்று, டெஃப்ளான் குப்பி. ஒன்று 1,400 ரூபாய், பதினான்குக்கு 19,600. இந்த முழு வேலையிலும் பெரிய செலவு இதுதான், தள்ளிப்போட்டதும் இதனால்தான். இரண்டு, ஒவ்வொரு குப்பிக்கும் நிரந்தர எண் கீறி, 5 நானோமோலார் குப்பி என்றால் என்றைக்கும் 5 நானோமோலாருக்கே என்று ஒதுக்கிவிட்டேன். உண்மையான அளவுக்கு முன்னால் அதே கடல்நீர், அதே பஃபர், அதே செம்பு, அதே சாலிசிலால்டாக்சிம் ஊற்றி ஒரு இரவு வைத்துக் கொட்டினேன், மூன்று முறை. சுவர் எவ்வளவு இழுக்குமோ இழுத்து முடிக்கட்டும் என்பதுதான் விஷயம். நடுவில் அமிலத்தில் கழுவினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஆகவே கழுவவில்லை, வெறும் தூய நீரில் ஒரு அலசல் மட்டும்.

இடையில் இரைச்சல் தொல்லை வேறு, பகலில் கோடு நடுங்கும், இரவில் அடங்கும். கட்டடத்தின் எர்த் பட்டை உப்புக்காற்றில் தின்றுபோயிருந்தது. எலக்ட்ரீஷியன் புதிய எர்த் போட்டுக் கொடுத்ததும் நின்றது.

தடைக்காலம் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஜூனில், வடகடல். கச்சான் காற்று தென்கடலைப் புரட்டிக்கொண்டிருந்தது, பாக் விரிகுடாப் பக்கம் தகடு மாதிரி கிடந்தது. ஆனால் அமைதியான பக்கம் என்றால் கரையிலிருந்து காற்று வருகிற பக்கம், அதாவது மண்ணும் தூசியும் நம் மேல். அதனால் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொன்னேன். படகுக்கார அண்ணனுக்கு முதலில் எரிச்சல்தான். "இங்கேயும் இதே உப்புத் தண்ணிதானே தம்பி?" என்றார். ஏன் என்று சொன்னதும் அவரே எஞ்சினை அணைத்து, நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக் கொடுத்தார், படகின் முன்முனையில் நின்று எடுத்தால் படகு தொடாத தண்ணீர் முதலில் வரும் என்பதை நான் சொல்லாமலே பிடித்துக்கொண்டார். நங்கூரச் சங்கிலியைப் பின்பக்கம் தள்ளி வைத்தார். 3 மீட்டர் பிவிசி குழாயின் நுனியில் நைலான் கட்டால் போத்தலைப் பூட்டி, முழங்கை அளவு ஆழத்தில் மூன்று முறை நிரப்பிக் கொட்டி, நான்காவதை எடுத்தேன். போத்தல் 500 மில்லி பாலிஎத்திலீன், சோப்பு நீரில் ஒரு நாள், 10 சதவீத அமிலத்தில் ஒரு வாரம், பிறகு அமிலத்தின் சுவடே இல்லாமல் தூய நீரில் அலசியது. ஜிப் கவர் இரண்டு போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தேன். ஐஸ், மீன் கம்பெனியில் வாங்கிய பாரை உடைத்தது, அந்த ஐஸ் தண்ணீர் மூடிக்குள் ஒரு சொட்டு போனாலும் வேலை கெட்டது, அதனால்தான் இரண்டு கவர். திரும்பும்போது படகுத்துறை ஜெட்டியருகே இன்னொரு போத்தல் எடுத்தேன்.

மாலையே வடிகட்டி, உடனே ஓட்ட முடியாத பங்கைக் கழுத்துவரை நிரப்பாமல் மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்தேன். ஒரு குப்பிக்கு ஐந்து நிமிடம் நைட்ரஜன், ஒரு நிமிடம் ஒட்டவிடுதல், ஓட்டம், இதை மூன்று துளிகளில் திரும்பச் செய்தால் பத்து நிமிடம் ஆகும். பதினான்கு குப்பிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு நெருக்கமாக.

கடலுக்குள் எடுத்த போத்தலில் மொத்தச் செம்பு 11.6 நானோமோலார். புற ஊதா பட்ட நீரில், கூடுதல் செம்பு போடாத குப்பியின் கூம்பு 10 நானோஆம்பியருக்கு மேல். படாத நீரில் அதே செம்புக்கு 2 நானோஆம்பியர்தான். மீதிச் செம்பு எங்கும் போகவில்லை, ஈனிகளின் பிடியில் இருக்கிறது, என் சாலிசிலால்டாக்சிமால் பிடுங்க முடியவில்லை. அந்த இரண்டு கூம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வளைவிலிருந்து கணக்கிட்டால் ஈனி சுமார் 19 நானோமோலார், பிடியின் இறுக்கத்தைச் சொல்லும் மாறிலி மடக்கையில் 13க்கு அருகே. அப்படியென்றால் கட்டில்லாத செம்பு 10⁻¹²·⁸ மோலார், மொத்தத்தில் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு. இது ஒரு நாள், ஒரு இடம், ஒரு போத்தல். பாக் விரிகுடா இப்படித்தான் என்று யாரும் இதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

ஜெட்டிப் போத்தல் தோற்றது. முதல் புள்ளியிலிருந்தே நேர்கோடு. தவறு என் பக்கம்: 5 மைக்ரோமோலார் என்ற ஒரே அளவில் ஓட்டினேன். அந்த அளவில் சாலிசிலால்டாக்சிம் பலவீனமான ஈனிகளிடமிருந்து செம்பை முழுக்கப் பிடுங்கிவிடும், அவை இருப்பதே தெரியாது. 1 மைக்ரோமோலாரிலும் ஓட்டியிருக்க வேண்டும், அதற்குத் தண்ணீர் மிச்சமில்லை. அடுத்த முறை ஜெட்டியில் 500 மில்லிக்குப் பதில் இரண்டு லிட்டர் எடுப்பேன், 1, 5 என இரண்டு அளவிலும் ஓட்டுவேன், தொடக்கத்தில் செம்பு அளவுகளை இன்னும் நெருக்கமாக, அரை நானோமோலார் படியில் வைப்பேன். முதல் நாளே புற ஊதா நீரை ஓட்டி நேர்கோடு வந்த பிறகுதான் மற்றதைத் தொடுவேன். டெஃப்ளான் குப்பிகளை டிசம்பரிலேயே வாங்கியிருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

இதுவரை என் கையிலிருந்து போனது: குப்பி 19,600, வடிகட்டிச் சவ்வு நூறு 9,500, கூண்டு 7,200, படகு மூன்று முறை 5,400, நைட்ரஜன் சிலிண்டர் நான்கு 3,200. கண்ணாடிக் குழாயையும் மருந்துகளையும் கல்லூரி வாங்கிக் கொடுத்தது.

அடுத்த பயணம் ஆகஸ்டில், அதே அண்ணன், அதே படகு. குப்பிகளை இப்போதும் கழுவவில்லை. ஒவ்வொன்றிலும் அதனதன் செம்பளவோடு கடல்நீர் ஊற்றி மூடி, எண் தெரிகிற மாதிரி கூண்டுக்குள் வரிசையாக நிறுத்தியிருக்கிறேன்.